ஆகாயத்தில் நின்ற சுவர்

1

நேற்று மத்தியானம், நானே வரைந்த பிளானின் மேலேயே ஏறி நின்றேன். காகிதத்தின் மேல் அல்ல, மரத்தின் மேல். கீழே கூடமும் சமையலறையும். என் காலடியில் மாடித் தரை. எதிரே, நான் கோடு கிழித்த இடத்தில், கிழித்த நீளத்துக்கு ஒரு சுவர். பென்சில் கோடு சுவராக எழுந்து நிற்பதை முதல் தடவை பார்க்கிறவனுக்கு என்ன ஆகும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். பைத்தியம் பிடிக்கும். அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தேன், தோளால் முட்டிப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஒரு முத்தமும் கொடுத்தேன். பைன் மரத்துப் பிசின் உதட்டில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகவில்லை.

அமெரிக்காவில் வந்து இறங்கி நேற்றோடு நான்கு வருஷம். அதைக் கொண்டாட எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் இதே சுவரால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குக் கப்பலேற வேண்டிய நிலைமை வந்தது. அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பவர் என் அப்பா. அம்மாவுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். இருவரும் இந்தக் கதையில் வருகிறார்கள்.

2

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பலருக்கு அது விளங்கவில்லை என்று கேள்வி. “வாத்தியார் மகன் அமெரிக்காவுல படிக்கிறானா, கொத்து வேலை பாக்குறானா?” என்று ஒத்தக்கடையில் யாரோ என் சித்தப்பாவை மடக்கினாராம். இரண்டும்தான் ஐயா!

நான் படிப்பது கட்டட இஞ்சினீயரிங். எங்கள் கல்லூரியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. ஆறு வாரம் வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்த ஆறு வாரம் ஒரு கம்பெனியில் நிஜமான வேலை பார்க்க வேண்டும். பிறகு மறுபடி வகுப்பு, மறுபடி வேலை. இப்படியே ஐந்து வருஷம். திங்கட்கிழமை வாத்தியார் கரும்பலகையில் உத்தரத்தின் பாரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார் என்றால், அடுத்த மாதம் அதே உத்தரம் என் தலைக்கு மேல் ஏறுகிறது. நம் ஊரில் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிய எனக்கு, முதல் வருஷம் முழுக்கத் திருவிழாவுக்குள் புகுந்த மாதிரி இருந்தது. எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்!

கம்பெனியில் மேஜை காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக மாணவர்களை இரண்டிரண்டு பேராகக் கோத்துவிடுவார்கள். நான் வகுப்பில் இருக்கும்போது என் ஜோடி வேலையில் இருப்பான். அவன் வகுப்புக்குப் போனதும் நான் வந்து அதே முக்காலியில் உட்காருவேன். அவன் பாதியில் விட்ட படத்தை நான் முடிப்பேன். என் ஜோடி ஸ்டான்லி, போலந்திலிருந்து வந்த ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். ஒரே மேஜை, ஒரே பென்சில் டப்பா, ஒரே வேலை. ஆனால் நாங்கள் இருவரும் முகம் பார்ப்பது ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கைமாற்றும் சனிக்கிழமையில் மட்டும். நான் முணுமுணுவென்று தமிழில் எண்ணுவதைக் கேட்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு” அவனுக்கும் வந்துவிட்டது. மூணுக்கு மேல் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

எனக்கு ஜோடி சுலபமாகக் கிடைத்தது, கம்பெனிதான் கிடைக்கவில்லை. மூன்று ஆபீஸ்களில் என் நிறத்தைப் பார்த்ததும் மேஜை இல்லை என்றார்கள். நான்காவதாக மிஸ்டர் கெல்லர் என்ற வீடு கட்டும் காண்ட்ராக்டர். பெரிய மீசை, பெரிய தொண்டை. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை; நான் வரைந்த படத்தில் எழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது என்று பார்த்தார். “நாளைக்கு ஏழு மணி,” என்றார். அவ்வளவுதான்.

முதல் நாளே மானத்தை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் கிளம்பும்போது, வீட்டில் சொல்கிற பழக்கத்தில், போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் நான் எங்கோ போய்விட்டுத் திரும்பி வரப்போகிறேன் என்று நம்பி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசைப் பூட்டாமல் வெகுநேரம் காத்திருந்தாராம். மறுநாள் காலையில் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “போகிறவன் போக வேண்டும். வருகிறவன் வர வேண்டும். இரண்டையும் ஒரே வாயில் சொல்லாதே!”

நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இப்போது பூட்டிவிட்டுப் போகிறார்.

3

இனி பழங்காநத்தத்துக்கு வர வேண்டும்.

நான் மிஷன் பள்ளியில் கடைசி வகுப்பு படித்தபோது அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். அவரும் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பிளான் அவரே போட்டார். மொத்த அகலம், சுவர்களின் கனம் போக, இருபத்தாறு அடி. நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் பதினான்கு அடியில் பெரிய அறை, மறு பக்கம் பன்னிரண்டு அடியில் சின்ன அறை. ஒத்தக்கடையிலிருந்து கல் வண்டி வந்து இறங்கியது. கொத்தனார் மாயாண்டி முளை அடித்து நூல் கட்டினார்.

அம்மா வந்து நூலைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

“என்னங்க, பன்னெண்டும் பதினாலும் வேணாங்க. மனையடிக்கு ஆகாது.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. “ஞாயித்துக்கிழமை கோயில்ல மொத பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்றவ பேசுற பேச்சா இது?”

“ஜெபமும் பண்ணுவேன், அடியும் பாப்பேன். ரெண்டும் பாத்தா கர்த்தர் கோவிச்சுக்கிருவாராக்கும்?”

“ரெண்டடில என்ன இருக்கு எஸ்தர்?”

“ஒண்ணுமில்லன்னா நான் சொல்றபடி வைக்க வேண்டியதுதான? பதினாறு வைங்க, பத்து வைங்க. கூட்டிப் பாருங்க, அதே இருபத்தாறுதான. நீங்கதான கணக்கு வாத்தியாரு?”

அப்பா மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி வெற்றிலைப் பையை அவிழ்த்தார். “அய்யா சொல்றதும் சரித்தேன், அம்மா சொல்றதும் சரித்தேன். எம்புட்டு அடின்னு ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் அதுக்குள்ள ஒரு வெத்தல போட்டுக்கிர்றேன்.”

நான் அப்பா கட்சி. மனையடி சாஸ்திரம், ராகு காலம், பூனை குறுக்கே போவது எல்லாவற்றையும் கேலி செய்கிற வயசு. “அம்மா, பதினாலு அடி ரூம்ல படுத்தா தூக்கம் வராதா?” என்று கேட்டேன். “ஒனக்கு வரும்டா, எனக்கு வராது,” என்றாள். அன்று அப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் நடுச்சுவருக்கு அஸ்திவார வாணம் தோண்டியாகிவிட்டது. அப்பா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அடி வைத்து நடந்தார். பதினாறு. திரும்பி நடந்தார். பத்து.

“நூலு நடந்து வந்துருச்சாக்கும்?” என்றார்.

“காத்துல நகந்திருக்கும்ங்க,” என்றாள் அம்மா, வெளியில் மூட்டியிருந்த அடுப்பைப் பார்த்தபடி.

மாயாண்டி தலையைத் தூக்கவே இல்லை. வாணத்துக்குள் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய முதுகைப் பார்த்தே தெரிந்தது. சுவர் அங்கேயே எழும்பியது. அந்தப் பதினாறு அடி அறையில்தான் நான் கப்பலேறும் வரை படுத்துத் தூங்கினேன்.

4

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. மிஸ்டர் கெல்லரின் தொண்டை ஆபீஸ் மாடிப்படியில் அவருக்கு முன்னால் ஏறி வந்தது.

“சாம்! வண்டியில் ஏறு!”

ஒரு டிராம் டிரைவருக்கும் அவர் மனைவி மிஸஸ் டாய்லுக்கும் நாங்கள் கட்டுகிற சின்ன மாடி வீடு அது. கீழ்த்தளத்தை ஸ்டான்லி வரைந்தான். மாடியை நான் வரைந்தேன். கீழே சுவர்கள் எழும்பி, மாடித் தரைப் பலகையும் போட்டாகிவிட்டது. தச்சர்கள் என் படத்தைப் பார்த்துத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்கள். மிஸ்டர் கெல்லர் என்னை அந்தக் கோட்டின் மேல் நிறுத்தினார்.

“இந்தச் சுவர் எதைத் தாங்குகிறது?”

“மேலே கூரையை.”

“இதை எது தாங்குகிறது?”

“கீழே உள்ள சுவர்.”

“கீழே போய்ப் பார்.”

போனேன். கீழ்ச்சுவர் இரண்டடி தள்ளி நின்றது. ஸ்டான்லி பதினான்கும் பன்னிரண்டுமாகப் பிரித்திருந்தான். நான் மேலே பதினாறும் பத்துமாகப் பிரித்திருக்கிறேன். மொத்தம் அதே இருபத்தாறு, அதனால் வெளியளவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூரையைச் சுமக்க வேண்டிய சுவரை நான் ஆகாயத்தில் நிறுத்தியிருந்தேன்!

நடந்தது இதுதான். நான் மாடியை வரைந்த அன்று ஸ்டான்லியின் கீழ்த்தளப் படம் நகல் எடுக்கப் போயிருந்தது. இருபத்தாறு என்று நினைவிருந்தது. நடுச்சுவர் எங்கே என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பதினாறும் பத்தும் என்று கை தானாகப் போட்டுவிட்டது.

“ஏன் பதினாறு? எங்கிருந்து வந்தது அந்தப் பதினாறு?” என்று மிஸ்டர் கெல்லர் கத்தினார்.

தெரியவில்லை என்றேன். அந்த நிமிஷத்தில் சத்தியமாகத் தெரியவில்லை.

கோட்டை அழித்துவிட்டுச் சுவரை இரண்டடி நகர்த்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாடியின் வெளிச்சுவர்ச் சட்டங்களை ஜன்னல் இடம் விட்டு அடித்து முடித்திருந்தார்கள். சுவரை நகர்த்தினால் அது நேரே ஒரு ஜன்னலின் நடுவில் போய் முட்டும். மிஸ்டர் கெல்லர் தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். “உன்னை என்ன செய்வது என்று திங்கட்கிழமைக்கு மேல் சொல்கிறேன்,” என்றார்.

எனக்கோ திங்கட்கிழமை வேறு ஒரு கண்டம் காத்திருந்தது. வருஷா வருஷம் குடியேற்ற ஆபீசில் போய் நான் மாணவன்தான் என்று நிரூபிக்க வேண்டும். இந்தியர்களை இந்த நாட்டில் குடியேற விடுவதில்லை. படிக்கிறவனுக்கு மட்டும் அனுமதி. கூலி வேலைக்கு வந்தவன் என்று அவர்களுக்குத் தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் கெடுபிடி அதிகம் என்றும், கம்பெனி முதலாளியிடமே விசாரிக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். முதலாளியிடமா! நான் ஆகாயத்தில் சுவர் கட்டின வாரத்திலா! படிப்பு முடிய இன்னும் ஒரே வருஷம். பயந்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன்.

கைமாற்றும் வாரம் இல்லை; இருந்தும் நான் சொல்லியனுப்பியதும் சனிக்கிழமை ஸ்டான்லி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் திட்டுவான் என்று நினைத்தேன். “என் இரண்டடியை யார் தின்றது?” என்று சிரித்தான். பிறகு இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே நேரத்தில் ஒரே வேலையில் உட்கார்ந்தோம், ஒரு பலகையை மேஜையாக வைத்துக்கொண்டு, முழங்கை முழங்கையில் இடிக்க. கூரையின் பாரம், பனி விழுந்தால் அதன் பாரம், தரையின் பாரம் எல்லாவற்றையும் அவன் கூட்டினான், நான் சரிபார்த்தேன். நான் பெருக்கினேன், அவன் சரிபார்த்தான். போன மாதம் வகுப்பில் போட்ட அதே கணக்கு! விடை வந்தபோது இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். சுவரை நகர்த்தவே வேண்டாம். அதற்குக் கீழே தரையைத் தாங்குகிற பன்னிரண்டடிச் சட்டங்கள் ஒவ்வொன்றோடும் இன்னொரு சட்டத்தை ஒட்டி அடித்து இரட்டையாக்கினால் போதும்.

அந்த நேரம் பார்த்து மிஸஸ் டாய்ல் வீட்டைப் பார்க்க வந்தார். மாதம் ஏறிய வயிறு, மெதுவாக ஏணிப்படி ஏறி வந்தார். சாக்பீஸ் கோட்டுக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். “படுக்கையறை இவ்வளவு பெரிதா? கட்டில் போட்டாலும் தொட்டிலுக்கு இடம் இருக்கிறதே!” என்றார். தச்சர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

தரையில் அந்த வெள்ளைக் கோடு. நேராக, முளையடித்துக் கட்டின நூல் மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. பதினாறு, பத்து. கர்த்தர் கோவிச்சுக்கிருவாராக்கும்! பழங்காநத்தத்தில் அப்பா கட்சியில் நின்று சிரித்தவனுடைய கை, கடல் தாண்டி வந்து, அம்மா கட்சியில் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி, இஞ்சினீயரிங், நான்கு வருஷப் பரீட்சைகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு நடுச்சுவரைப் பதினான்கில் நிறுத்த முடியவில்லை! வெடித்துச் சிரித்துவிட்டேன். ஸ்டான்லி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

5

குடியேற்ற ஆபீஸ் நகரத்தின் நடுவில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருக்கிறது. எந்த மாடி என்று கேட்டேன். பதினான்காம் மாடி என்றார்கள். அம்மா இருந்தால் லிப்டில் ஏறவே விட்டிருக்க மாட்டாள்.

அதிகாரி இளவயசுக்காரர். என் காகிதங்களை மேலும் கீழும் புரட்டினார்.

“மாணவன் என்று போட்டிருக்கிறது. வாராவாரம் சம்பளமும் வாங்குகிறாய். நீ படிக்கிறாயா, வேலை பார்க்கிறாயா?”

ஒத்தக்கடைக்காரர் கேட்ட அதே கேள்வி! இரண்டும்தான் என்று ஒத்தக்கடைக்காரருக்குச் சொல்கிற மாதிரி இவரிடம் சொல்ல முடியுமா? ஆறு வாரக் கணக்கை விளக்கினேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. டெலிபோனை எடுத்து மிஸ்டர் கெல்லரைக் கூப்பிட்டார். சனிக்கிழமைக் கணக்கை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பார்த்தாரோ பார்க்கவில்லையோ தெரியாது.

“உங்களிடம் இருக்கிற சாமுவேல் வேலைக்காரனா, மாணவனா?” என்று அதிகாரி கேட்டார். அடுத்த நிமிஷம் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். மிஸ்டர் கெல்லருக்கு டெலிபோனே தேவையில்லை.

“வேலைக்காரனா! போன வாரம் எனக்கு ஒரு சுவரை ஆகாயத்தில் நிறுத்தினான்! வேலைக்காரன் செய்திருந்தால் அன்றைக்கே வாசலைக் காட்டியிருப்பேன். மாணவன் என்பதால் வைத்திருக்கிறேன். தப்பு பண்ணினான், கணக்குப் போட்டுத் திருத்தினான், கணக்கு சரியாக இருக்கிறது. இங்கே மேஜை காலியாகக் கிடக்கிறது. அவனை அங்கே உட்கார வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்?”

அதிகாரி ரிசீவரை வைத்தார். உதட்டோரம் துடித்தது. “ஆகாயத்தில் எப்படிச் சுவர் நிறுத்தினாய்?” என்றார்.

சொன்னேன். எங்கள் ஊரில் அறைக்கு நல்ல அடி, கெட்ட அடி என்று உண்டு. பன்னிரண்டும் பதினான்கும் ஆகாது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, என் கைக்கு இருந்திருக்கிறது என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து நன்றாகச் சிரித்தார். “இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நம்பிக்கையா? ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுவார்களா?”

அவர் சிரித்திருக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான்.

“ஐயா, ஒரு சந்தேகம். லிப்டில் வரும்போது பித்தான்களைப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்கிறது, அடுத்து பதினான்கு இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி எங்கே?”

அவர் சிரிப்பு நின்றது. பதின்மூன்று ஆகாது என்று இந்த ஊரில் அந்த எண்ணையே மாடிக்குப் போடுவதில்லை. பதின்மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டே பதினான்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தன் காலடித் தரையையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். இன்னும் ஒரு வருஷம்!

“போய்விட்டு வருகிறேன்,” என்றேன்.

“அடுத்த வருஷம் வந்தால் போதும்,” என்றார்.

பதினான்கு மாடியையும், சரி, பதின்மூன்றையும், படியிலேயே குதித்து இறங்கினேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

6

சட்டங்களை இரட்டையாக்கி அடித்து முடித்தார்கள். நேற்று சுவர் எழும்பியது. மிஸ்டர் கெல்லர் தன் முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்துப் பார்த்துவிட்டு, “நிற்கிறது,” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லையாம்.

மிஸஸ் டாய்ல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த அறைக்கு எப்படி இந்த அளவு தோன்றியது என்று விசாரித்தார். புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். “எங்கம்மா போட்ட அளவு,” என்றேன். உன் அம்மாவும் கட்டட இஞ்சினீயரா என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் பழங்காநத்தத்தில் அப்பா சத்தமாக வாசித்துக்கொண்டு வந்திருப்பார். நூல் நகர்ந்த இடம் வந்தபோது தொண்டையைக் கனைத்திருப்பார். ஒரு பத்தியை விட்டுத் தாண்டிவிடலாமா என்றுகூட யோசித்திருப்பார். அப்பா, தாண்டாதீர்கள். கடைசி வரி உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள்தான் வாசிக்க வேண்டும், அம்மாவின் காதில் விழுகிற மாதிரி, முறத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு.

அம்மா, இங்கேயும் காத்து அடிச்சிருச்சும்மா. சுவரு நீ சொன்ன எடத்துலதான் நிக்குது.